படித்த நூல்களுக்கும் ஒரு கணக்கேடு

கணக்குப் பார்த்து வாழப் பழகியவர்கள் நம் வட்டாரத்து மக்கள். வானம் பார்த்த கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் விதைத்த காலத்தில் மழையைக் கணக்கிட்டார்கள். மழை பொய்த்துத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வந்த காலத்தில் குரோசைக் கணக்கிட்டார்கள். அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகின்ற எங்கள் இருக்கன்குடியில், ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருகிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஆண்டாக நடக்கிறோம் என்பதைத் தயங்காமல் சொல்வார்கள். பால் கணக்கு, பலசரக்குக் கணக்கு, சீட்டுக் கணக்கு, மொய்க் கணக்கு என்று நம் இல்லங்களில் எத்தனையோ நோட்டுகள் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார் என்பதை இன்றும் எடுத்துக் காட்ட முடிகிறது.

ஆனால், "சென்ற ஆண்டில் நீங்கள் படித்து முடித்த நூல்கள் யாவை?" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் மௌனமாகி விடுகிறோம். படிக்காதவர்கள் மட்டுமல்லர், படித்தவர்களும் அவ்வாறே. "ஏதோ படித்தேன், நல்ல புத்தகம்தான், பெயர் நினைவில்லை" என்பதே பதிலாக வருகிறது. வயிற்றுக்கு இட்டதற்குக் கணக்கு வைக்கிற நாம், அறிவுக்கும் ஆன்மாவுக்கும் இட்டதற்குக் கணக்கு வைப்பதில்லை. படித்த நூல்களுக்கு ஒரு கணக்கேடு வைப்பது வீண் வேலையா, அன்றி ஒரு குடும்பத்துக்குப் பயன் தரக்கூடிய பழக்கமா என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

கருவிகள் நம் மண்ணில்

இப்படி ஒரு கணக்கேடு எழுதுவதற்கு வேண்டிய கருவிகள் யாவும் நம் மண்ணிலேயே பிறந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது. கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ஆம் ஆண்டு சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு மேல் ஒட்டும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன, அச்சுக்கூடங்கள் எழுந்தன. அந்த அச்சுக்கூடங்களே பின்னர் நாட்காட்டிகளையும் நாட்குறிப்புகளையும் பள்ளிக் குறிப்பேடுகளையும் நாடெங்கும் அனுப்பலாயின. அருகிலுள்ள சாத்தூரோ காராச்சேவுக்கு மட்டும் பெயர் பெற்றதன்று. ஒரு காலத்தில் பேனா முள் செய்வதற்கும் பெயர் பெற்ற ஊர் அது. பால்பாயிண்ட் பேனா வந்தபின் அத்தொழில் நலிந்து போயிற்று. இருந்தும், நாட்டில் எத்தனையோ மாணவர்களின் கையெழுத்து சாத்தூர் முள்ளிலிருந்து வடிந்தது என்ற பெருமை மறைந்துவிடவில்லை.

தாளும் நம்முடையது, முள்ளும் நம்முடையது. எழுதும் பழக்கம்தான் நம்முடையதாக வேண்டும்.

திருச்சபையின் பழைய வழக்கம்

படிப்பதற்குக் கணக்கு வைத்தல் திருச்சபைக்குப் புதியதன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48-ஆம் அதிகாரத்தில் உடலுழைப்புக்கும் ஞானவாசகத்துக்கும் உரிய நேரங்களை வகுத்துள்ளார். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும். அதை அவர் முதலிலிருந்து இறுதி வரை வரிசையாகப் படித்து முடிக்க வேண்டும் என்பது அவர் விதி. இங்கொரு பக்கமும் அங்கொரு பக்கமும் புரட்டுவதை அவர் படிப்பாகக் கொள்ளவில்லை.

பதினோராம் நூற்றாண்டில் காண்டர்பரியின் பேராயராக விளங்கிய லான்பிராங்க் இதற்கு மேலும் ஒருபடி சென்றார். தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு அடுத்த நாள், மடத்து நூல்கள் யாவும் ஒரு விரிப்பின்மீது கொண்டுவந்து வைக்கப்படும். சென்ற ஆண்டு யார் எந்த நூலைப் பெற்றார் என்னும் பட்டியலை நூலகப் பொறுப்பாளர் உரக்க வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து நூலைத் திருப்பித் தருவார். படித்து முடிக்காதவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். நம் ஊர்ச் சங்கங்களில் ஆண்டுக் கணக்கை எல்லார் முன்னும் வாசிப்பதைப் போல, அந்த மடங்களில் படிப்பின் கணக்கு வாசிக்கப்பட்டது!

யாவரினும் அழகாகக் கணக்கேடு எழுதியவர் புனித இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலா மாளிகையில் படுக்கையில் கிடந்தார் அந்தப் போர்வீரர். பொழுதுபோக்க வீரக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அவை கிடைக்கவில்லை. கிடைத்தவை கிறிஸ்து நாதரின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தாம். வேறு வழியின்றிப் படிக்கத் தொடங்கியவர் மெல்ல மெல்ல அவற்றில் ஆழ்ந்தார். படித்தவற்றுள் தம் உள்ளத்தைத் தொட்டவற்றை ஏறத்தாழ 300 தாள்கள் கொண்ட ஓர் ஏட்டில் எழுதி வைக்கலானார். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும், அன்னை மரியாளின் சொற்களை நீல மையிலும், தம் நல்ல கையெழுத்தில் நிதானமாக எழுதினார் என்பது அவரே பிற்காலத்தில் சொல்லி வைத்த செய்தி. நோயாளியின் படுக்கையருகே இருந்த இரண்டு நூல்களும் ஓர் எழுத்தேடும் இயேசு சபையின் பிறப்புக்கு வழிகோலின.

இச்செய்தியில் நமக்கென ஓர் உறவும் இருக்கிறது. இஞ்ஞாசியார் படித்த புனிதர் வரலாறு 'புளோஸ் சாங்தோரும்' என்ற பெயரால் வழங்கிய நூல் வகையைச் சேர்ந்தது. அவருடைய சபையைச் சேர்ந்த அன்றீக்கு அடிகளார், முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்து, 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அவரே 1586-ஆம் ஆண்டு அதே 'புளோஸ் சாங்தோரும்' என்ற பெயரில் புனிதர் வரலாற்றைத் தமிழில் வெளியிட்டார். லொயோலாவில் ஒரு வீரரை மாற்றிய நூல் வகை, அவர் மாறிய 65 ஆண்டுகளில் நம் கடற்கரை மக்களின் மொழியில் அச்சேறியது. படிக்கிற ஒருவர் பலரைப் படிக்க வைக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சிறையில் எழுதிய பட்டியல்

நம் நாட்டிலும் இப்பழக்கத்துக்குச் சிறந்த முன்மாதிரிகள் உண்டு. 1922-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்று எரவாடாச் சிறைக்குச் சென்ற காந்தியடிகள், அங்கே நூற்பதும் இராட்டையுமாக மட்டும் காலம் கழிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப்பின் 1924 பிப்ரவரியில் விடுதலை பெறுவதற்குள் ஏறத்தாழ 150 நூல்களைப் படித்தார். மகாபாரதமும் அவற்றுள் உண்டு. உரோமைப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கிப்பன் எழுதிய பெருநூலும் உண்டு. கிறிஸ்தவ நூல்களும் உண்டு. படித்தவற்றைத் தம் சிறை நாட்குறிப்பில் குறித்து வைத்தார். வெளியே வந்தபின் அவற்றைப்பற்றித் தம் இதழில் எழுதியும் காட்டினார். சிறையதிகாரிகள் அவருடைய நடமாட்டத்துக்கு எல்லை வகுத்தார்கள். அவர் எழுதிய பட்டியலோ அந்த எல்லைக்குள் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதைக் காட்டுகிறது.

தமிழகத்தில் மறைமலையடிகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதி வந்தார். கிடைத்த பொருளையெல்லாம் நூல்களாக்கிச் சேர்த்தார். 1950-இல் அவர் மறைந்தபின், அந்நூல்கள் 1958-ஆம் ஆண்டு சென்னையில் பொதுமக்களுக்கு உரிய நூலகமாயின. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் தேடித் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்த பிறகு ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. தனி மனிதரின் படிப்புப் பழக்கம் ஒழுங்குடன் பேணப்பட்டால், அது பின்வருவோருக்குச் சொத்தாகிறது.

ஒரு வீட்டின் நோட்டு

பெரியோர் கதைகளோடு எளிய வீட்டின் கதையொன்றையும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் 1981-ஆம் ஆண்டு முதல் படித்த நூல்களைக் குறித்து வைத்து வருகிறேன். முதல் நோட்டு பள்ளிக்கூடக் கணக்கு நோட்டின் மீந்த பக்கங்கள். முதல் வரியில் இருப்பது கல்கியின் 'பார்த்திபன் கனவு'. வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், யாரிடம் பெற்றது, முடித்த நாள் ஆகிய ஐந்து பத்திகள். பின்னர் ஆறாவதாக ஒரு பத்தி சேர்ந்தது. அதற்குத் தலைப்பு இரண்டே எழுத்து: அ. கே. 'அம்மா கேட்டது' என்பது அதன் விரிவு.

என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. சிறுமியாய் இருந்த நாளிலிருந்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார். ஒரு குரோசு என்பது 144 பெட்டி. மாலையில் விளக்கருகே அவர் ஒட்டிக்கொண்டிருக்க, நான் எதிரே அமர்ந்து உரக்கப் படிப்பேன். கதை விறுவிறுப்பான இடத்தில் அவர் கை நின்றுவிடும். உடனே நினைவு வந்து கை விரையும். தவக்காலத்தில் கதை நூல் கிடையாது. நற்செய்தியும் புனிதர் வரலாறும் மட்டுமே. அவ்வாறு கேட்டு முடித்த ஒவ்வொரு நூலுக்கும் எதிரே ஆறாவது பத்தியில் ஒரு சிலுவைக்குறி இடுவேன்.

சில மாதங்களில் அம்மா அந்த நோட்டைத் தமது என்று கருதத் தொடங்கினார். "நம்ம நோட்டுல எத்தன புஸ்தகம் ஆச்சு, தாயி?" என்று கேட்பார். நூல்களின் வரிசை அவருக்கு மனப்பாடம். ஆகவே ஒருநாள் நோட்டைத் தாமே மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, "இது பார்த்திபன் கனவு" என்றார். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தி அடுத்த பெயரைச் சொன்னார். பெயர் முன்பே தெரியும்; எழுத்துதான் தெரியாது. தெரிந்த பெயரைக் கொண்டு தெரியாத எழுத்தைப் பிடிக்கலானார். 'பா' என்னும் எழுத்து 'பார்த்திபன்' என்பதிலும் இருக்கிறது, 'பாண்டியன்' என்பதிலும் இருக்கிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்ன மாலை எங்கள் வீட்டில் ஒரு திருவிழாவாயிற்று. அரிச்சுவடி செய்ய வேண்டிய வேலையை அந்த நோட்டு செய்தது.

ஓராண்டு கழிந்திருக்கும். ஒட்டிய பெட்டிகளை வாங்க வருபவர் வழக்கம்போல் சிட்டையில் எழுதிக் கொடுத்தார். எத்தனையோ ஆண்டுகளாக அந்தச் சிட்டையை மடித்து அரிசிப் பானையில் போட்டு வைத்தவர் என் தாயார். அன்று அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அண்ணாச்சி, இதுல ரெண்டு குரோசு குறையுதே" என்றார். வந்தவர் திகைத்துப் போய், சிட்டையை வாங்கித் திருத்திக் கொடுத்தார். அம்மா வேறொன்றும் பேசவில்லை. முன்னர் எத்தனை முறை குறைந்ததோ என்று கணக்குக் கேட்கவுமில்லை. அன்று முதல் அவர் முன்னிலையில் சிட்டை எழுதப்படும்போது, எழுதுகிறவர் வாய்விட்டுச் சொல்லி எழுதினார்.

தம் உழைப்பைப் பிறர் எண்ணிச் சொல்லக் கேட்டே வாழ்ந்த ஒரு பெண்ணுக்குத் தாமே எண்ணிப் பார்க்கிற உரிமையை அந்தப் பட்டியல் தந்தது. 2009-ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். ஆறாவது பத்தியில் 214 சிலுவைக்குறிகள் இருக்கின்றன. என் பெயரில் இருப்பது இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எனினும் அந்த 214-தான் நோட்டின் உண்மையான செல்வம் என்று கருதுகிறேன்.

எண்ணிக்கை என்னும் சோதனை

கணக்கேட்டில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எண்ணத் தொடங்கினால், எண்ணிக்கையே குறிக்கோளாகிவிடும். ஆண்டுக்கு 50 என்று சபதம் செய்தவர், டிசம்பர் மாதத்தில் மெல்லிய நூல்களாகத் தேடுவார். பெரிய நூல் கையில் கனக்கும். அதை ஒதுக்கிவிட்டுச் சிறிய நூல்கள் மூன்றை முடிப்பார். அயலார் 60 படித்தார் என்று கேள்விப்பட்டால் மனம் குமையும். 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்னும் ஞான நூலின் முதற் பகுதியிலேயே கல்விச் செருக்கைப் பற்றிய எச்சரிக்கை இருப்பது காரணமின்றி அன்று.

இதற்கு மருந்தையும் இஞ்ஞாசியாரே தருகிறார். அவருடைய 'ஞானப் பயிற்சிகள்' என்ற நூலில் தனி ஆன்மசோதனை என்னும் முறை ஒன்று உண்டு. திருத்திக்கொள்ள விரும்பும் ஒரே குறையைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் வரைந்து, அந்தக் குறையில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பின்னர் ஒரு நாளை மறுநாளோடும், ஒரு வாரத்தை மறுவாரத்தோடும் ஒப்பிட வேண்டும். கவனியுங்கள்: ஒப்பீடு நேற்றைய நமக்கும் இன்றைய நமக்கும் இடையே மட்டுமே. அயலாருடைய ஏட்டை எட்டிப் பார்க்க அங்கே இடமில்லை.

நூற்கணக்கையும் இவ்வாறே வைத்துக்கொள்வோமாக. 'எத்தனை' என்ற கேள்விக்கு முன் 'எது', 'ஏன்', 'அதனால் என்ன செய்தேன்' என்ற கேள்விகள் வரட்டும். ஒரு நூலைப் படித்து ஒருவரோடு உறவு சரியானது, ஒரு கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது, ஒரு நோயாளி பார்க்கப்பட்டார் என்றால், அதையும் எதிரே குறிக்கலாம். இருமுறை படித்த நூலை இருமுறை எழுதலாம். பாதியில் விட்ட நூலையும் பாதி என்றே எழுதலாம், அதில் வெட்கமில்லை. ஏடு நமக்கு நீதிபதியாக வேண்டியதில்லை, சாட்சியாக இருந்தால் போதும்.

ஐந்தாம் வகுப்பும் அகாதெமி விருதும்

"படித்தவர்களுக்குத்தானே இதெல்லாம்?" என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. மேலாண்மறைநாடு என்னும் சிற்றூரில் 1951-இல் பிறந்த மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஊரிலேயே சிறு பலசரக்குக் கடை நடத்தினார். கையில் கிடைத்தவற்றைப் படித்துப் படித்தே எழுத்தாளரானார். இந்தக் கரிசல் மண்ணின் எளிய மனிதர்களைக் கதையாக்கினார். 'மின்சாரப்பூ' என்ற அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு 2007-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017-இல் அவர் காலமானார். பள்ளி கொடுக்காததைப் படிப்புப் பழக்கம் கொடுத்தது.

அப்படிப்பட்டவர்களுக்காகவே பொது நூலகங்கள் எழுந்தன. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகர் எவராயினும் அவருக்கென ஒரு நூல் உண்டு, நூல் எதுவாயினும் அதற்கென ஒரு வாசகர் உண்டு என்பவை அவற்றின் நடுநாயகமான கருத்துகள். அவருடைய முயற்சியின் பயனாகவே 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. பணம் கட்டிவிட்டுப் பண்டத்தை வாங்காமல் வருகிற வீட்டுக்காரர் எவரேனும் உண்டா? நூலகத்தின் வாயிலை மிதிக்காத நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

தொடங்கும் முறை

இப்பழக்கத்தைத் தொடங்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள்:

முதலாவதாக, வீட்டுக்கு ஒரே நோட்டு போதும். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று பிரித்தால் போட்டி வரும்; ஒன்றாக இருந்தால் உறவு வரும். ஒவ்வொருவரும் தத்தம் கையால் எழுத வேண்டும். எழுத இயலாத பாட்டிக்காகப் பேரக்குழந்தை எழுதலாம்.

இரண்டாவதாக, கேட்ட நூலையும் படித்த நூலாகவே மதியுங்கள். பட்டாசு ஆலையிலிருந்து களைத்து வருகிற தாய்க்குக் கண்ணால் படிக்கத் தெம்பு இராது. காதால் கேட்கத் தெம்பு உண்டு. இரவுச் செபமாலைக்குப்பின் பத்து நிமிடம் ஒரு பிள்ளை உரக்கப் படிக்கட்டும். நாளைக்கு நான்கு பக்கம் என்றாலும், ஆண்டுக்கு 1,460 பக்கம் ஆகிறது. நான்கு நற்செய்திகளும், திருத்தூதர் பணியும், அவற்றுக்குமேல் நல்ல நூல்கள் சிலவும் அதற்குள் அடங்கும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் எதிரே ஒரே ஒரு வரி எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். நூல் உங்களிடம் என்ன கேட்டது என்பதை எழுதுங்கள். ஐந்தாண்டு கழித்து அந்த வரிகளைப் படித்தால், நூல்களின் வரலாற்றோடு உங்கள் உள்ளத்தின் வரலாறும் தெரியும்.

நான்காவதாக, கைப்பேசியைப் பகைக்க வேண்டியதில்லை. அதில் படித்த நூலும் நூலே. ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிற செய்தித் துணுக்குகளைப் பட்டியலில் ஏற்ற முடியாது என்பதை இரண்டே நாளில் நீங்களே உணர்வீர்கள். மூன்று மணி நேரம் பார்த்தும் எழுதுவதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை என்றால், அந்த வெற்றுக் கோடே நமக்கு ஆன்மசோதனை.

தொடங்குவதற்கு உகந்த நாளைத் தேடித் தவிக்க வேண்டாம். ஆசீர்வாதப்பர் காட்டிய வழியில் திருநீற்றுப் புதனன்று ஆளுக்கொரு நூலைக் கையில் கொடுத்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் முடிக்கச் சொல்லலாம். அதுவரை பொறுக்க மனமில்லாதவர்கள் இன்றிரவே தொடங்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு நிலம் விட்டுச் செல்ல எல்லாராலும் இயலாது. நகை விட்டுச் செல்லவும் இயலாது. இன்னின்ன நூல்களை இன்னின்ன நாளில் இந்த வீட்டில் படித்தோம், சேர்ந்து கேட்டோம், இப்படி மாறினோம் என்று சொல்லும் ஒரு நோட்டை விட்டுச் செல்ல ஏழைக் குடும்பத்தாலும் இயலும். விலை முப்பது நாற்பது ரூபாய். அதுவும் சிவகாசியில் அச்சிட்டது. வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் எழுதுங்கள். எழுத்தறியாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் பெயரை முதலில் எழுதுங்கள்.